பொறி வைத்த மிஷின்

இந்த டவுன்ஷிப்பில் ஏதாவது ஒரு பொருளின் மேல் என் பெயரை எழுதிப் பார்க்காமல் சாவதில்லை என்று நான் ஒருநாள் தீர்மானம் செய்தேன்.

சும்மா இல்லை. வாசல் பலகையில் 'திருமதி பொற்கொடி'. குவார்ட்டர்ஸ் பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான். என் மனைவி பெர்மனென்ட். நான் கான்ட்ராக்ட். காஸ் புத்தகம் அவள் பெயரில். ஆஸ்பத்திரி அட்டையில் என் பெயர் உண்டு. ஆனால் அவளை நம்பி வாழ்கிறவர்கள் கட்டத்தில், எங்கள் மகளுக்கும் கீழே. தபால்காரர்கூட "பொற்கொடி வூட்டுக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். கொளஞ்சியப்பன் என்று ஒருவன் இருப்பது என் அம்மாவுக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டுமே தெரியும்.

இருவருக்கும் ஒரே ஆபீஸ். அவள் ஸ்டோர்ஸ் செக்ஷனில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். நான் கம்ப்யூட்டர் செக்ஷன். ஒயரைத் தூக்கிக்கொண்டு அலைவேன். பேர்தான் கம்ப்யூட்டர் செக்ஷன், எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. எங்காவது பெர்மனென்ட் வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டுமென்றால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சீட்டுக்குப் போவேன். வெளியே ஜெராக்ஸ் கடைகளில் ஊர் மேய்ந்த என் பென்டிரைவை அவள் மிஷினில் சொருகி, ஒரு கையால் தயிர்சாதம், மறு கையால் டைப்.

அப்படி இருக்கும்போதுதான், வெளியே நெட்வொர்க்கைக் காவல் காக்கிறவர்களிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ். அது ஓயாமல் இன்டர்நெட்டில் ஏதோ ஒரு திருட்டு முகவரிக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆபீசர் ராஜ்மோகன் சார் கூப்பிட்டார். "எந்த மிஷின்னு கண்டுபிடி. அந்த சீட்டுக்காரருக்கு மெமோ. பிடிச்சா ஒனக்கு கான்ட்ராக்ட் நீட்டிப்பு. பிடிக்கலைன்னா…"

மீதியைச் சொல்லவில்லை. கான்ட்ராக்ட்காரனுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் சமையற்கட்டு வாசலில் நின்று பொற்கொடிக்குப் பாடம் எடுத்தேன். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"எந்த மிஷினுன்னுதான் எச்சரிக்கையிலேயே இருக்குமேங்க?"

"இருக்காது! அங்கதான் சூட்சுமம். எல்லா மிஷினும் டி.என்.எஸ்.னு ஒரு பெரிய மிஷின்கிட்டதான் வழி கேக்கும். அது வெளிய போயி விசாரிச்சுகினு வந்து சொல்லும். வெளிய காவல் நிக்கிறவனுக்கு அந்தப் பெரிய மிஷினு மட்டுந்தான் தெரியும். உள்ளேர்ந்து கேக்கச் சொன்ன களவாணி யாருன்னு தெரியாது."

"அப்ப எப்படிப் பிடிப்பீங்க?"

"பொறி வைப்பேன். அந்தத் திருட்டு முகவரிய எவன் கேட்டாலும், என் மிஷினு முகவரியச் சொல்லுன்னு பெரிய மிஷினுக்குச் சொல்லி வச்சுடுவேன். களவாணி நேரா வந்து என் கதவத் தட்டுவான். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பரு உண்டுல்ல, தட்டினவன் நம்பரு பதிவாயிடும்."

"ஒங்களுக்குத்தான் மிஷினே இல்லியே?"

வலித்தது. வலித்த வேகத்தில் வாய் நீண்டது. "எவனாச்சும் குடுப்பான். ஒரு பெர்மனென்ட்டு மாட்டணும், நான் கண்ணால பாக்கணும். அது நீயா இருந்தாலும் விட மாட்டேன். பொண்டாட்டியாவது ஒண்ணாவது, மெமோதான்!"

கரண்டி நின்றது. பிறகு மறுபடி கிண்ட ஆரம்பித்தது.

"அதுவும் சரிதாங்க," என்றாள். அன்று என் தட்டில் கருவாட்டுத் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மறுநாள் செக்ஷன் செக்ஷனாக மிஷின் கேட்டேன். "கான்ட்ராக்ட்டுக்கா?" என்று சிரித்தார்கள். பொற்கொடிதான் கூப்பிட்டாள்.

"என்னுத எடுத்துகினு போங்க. எனக்குப் புதுசு ஒண்ணு ஸ்டோர்ல வந்துகிடக்குது, சார்கிட்ட கேட்டுட்டேன். என்னா ஒண்ணு, யாருகிட்ட மிஷினு இருக்குதோ அவங்க பேரத்தான் ஒட்டணும். ஒங்க பேர ஒட்டட்டுமா?"

என் பேர்! அவளே தன் கையால் பெயர் ஸ்டிக்கரை உரித்துப் போட்டுவிட்டு, புதிதாக 'கொளஞ்சியப்பன்' என்று எழுதி மிஷின் நெற்றியில் ஒட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிஷினைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குப் புது நம்பர் கொடுத்தேன். பொறியை வைத்தேன்.

மறுநாள் மாட்டிக்கொண்டது! ஒரே ஒரு நம்பர், விடாமல் கதவைத் தட்டியிருக்கிறது. நம்பரைக்கூடப் பார்க்காமல் ராஜ்மோகன் சாரைக் கூப்பிட ஓடினேன். ஸ்டோர்ஸ் செக்ஷனே பின்னால் வந்தது. பொற்கொடியும்தான், புது மிஷினை விட்டுவிட்டு.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார்.

"தட்டினது இந்த நம்பரு. சரி. ஒன் பொறி மிஷினு நம்பரு என்னாப்பா?"

சொன்னேன்.

இரண்டும் ஒரே நம்பர். களவாணி வெளியே எங்கும் இல்லை. நான் எலியின் முதுகில் பொறியை வைத்திருக்கிறேன்.

சார் குனிந்து ஸ்டிக்கரைப் படித்தார். "கொளஞ்சியப்பன். யாரு, நீதானே?"

செக்ஷன் செக்ஷனாகச் சிரித்தார்கள். மெமோ வரவில்லை. மெமோ வாங்கவும் பெர்மனென்ட்டாக இருக்க வேண்டும். எனக்கு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒங்க பென்டிரைவு சொருகினதுலேர்ந்தே அந்த மிஷினு இழுத்துகினுதான் கெடந்துச்சு. நீங்க பாடம் எடுத்தப்பதான் ஏன்னு வெளங்குச்சு."

"புருஷன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா? பொண்டாட்டியாவது ஒண்ணாவதுன்னீங்களே. ஒங்க வைரஸுக்கு நான் மெமோ வாங்கணுமா?"

எனக்கு அவள் மேல் இருந்ததைவிட என் மேல்தான் ஆத்திரம் அதிகம். அதையும் யாரிடம் காட்டுவது?

திங்கட்கிழமை காலை அவள் வண்டியை எடுத்தாள். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன்.

"கூரியர் வந்தா வாங்கி வைங்க," என்றாள். "யாருன்னு கேட்டா பொற்கொடி வூட்டுக்காரருன்னே சொல்லுங்க. ஒங்க பேரச் சொல்லிடாதீங்க, இப்ப அது எல்லாருக்கும் தெரியும்."