அறுபதைத் திருத்திய பிளஸ் மைனஸ்

ஒரகடம் சாலையில் ஓடுகிற அத்தனை வண்டிகளும் பொய் சொல்கின்றன என்று கண்டுபிடித்த முதல் மனிதர் பிளஸ் மைனஸ். அதை வண்டிக்காரர்களிடமே நேரில் போய்ச் சொன்ன முதல் மனிதரும் அவர்தான். இரண்டாவதாக ஒருவர் இதுவரை வரவில்லை. வருவதற்கான அறிகுறியும் தெரியவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அதை அந்த அட்டையைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை. காருக்கு உதிரி பாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் குளிரூட்டப்பட்ட அறை அவருடைய ராஜ்யம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் வாடகைக்கு இருந்தார். எந்தக் கேள்விக்கும் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல மாட்டார். மணி கேட்டால், "ஒம்பது இருவது, பிளஸ் மைனஸ் ஒண்ணு" என்பார். ஒருநாள் கேன்டீனில் எத்தனை இட்லி என்று கேட்டபோது, "நாலு, பிளஸ் மைனஸ் ஒண்ணு" என்று சொல்லிவிட்டார். பரிமாறியவர் மைனஸைத் தேர்ந்தெடுத்தார்.

நான் ஒரு நாளிதழை விட்டுவிட்டு அந்தத் தொழிற்சாலையின் மாத இதழுக்கு எழுத வந்திருந்தேன். அவருக்கும் படப்பை, எனக்கும் படப்பை. எனவே அவர் ஒரு பழைய கார் வாங்கியதும், அதன் முதல் பலி நான்தான்.

கார் செய்கிறவர்கள் ஸ்பீடோமீட்டரை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைக்கிறார்கள். முள் அறுபதில் நிற்கும்போது வண்டி ஐம்பத்தாறில் போகும். குறைத்துக் காட்டினால் சட்டம் சண்டைக்கு வரும். கூட்டிக் காட்டினால் யாரும் வர மாட்டார்கள். மனித குலம் மொத்தமும் சம்மதித்து வாழ்ந்துகொண்டிருந்த இந்த ஏற்பாடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிளஸ் மைனஸுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பேசியில் செயற்கைக்கோள் ஒரு வேகம் சொன்னது, முள் வேறொன்று சொன்னது.

"என் காசு போட்டு வாங்கின காரு. எங்கிட்டயே பொய் சொல்லுது பாத்தீங்களா?" என்றார். குரலில் குடும்பத்தில் துரோகம் நடந்த வருத்தம் இருந்தது.

தீப்பெட்டி அளவில் ஒரு மின்சுற்றுப் பெட்டி செய்தார். சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் ஒயரின் நடுவில் அதைப் பொருத்தினார். அதிலிருந்த திருகாணியைத் திருப்பினால் முள் இறங்கும், அல்லது ஏறும். அடுத்து வந்த ஞாயிறுகளில் ஆறுவழிச் சாலையில் நான் கைப்பேசியைப் படித்தேன், அவர் முள்ளைப் படித்தார். பிறகு வண்டியை ஓரம் கட்டித் திருகாணியை முடியளவு திருப்புவார். கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரனாலும், சிலர் வாயாலும் எங்களை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

இரண்டும் ஒத்துப்போன அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை. அர்ச்சகர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார்.

"டயருக்கு வேண்டாம் சாமி. மீட்டருக்கு வைங்க," என்றார் பிளஸ் மைனஸ்.

"மீட்டர்ல எப்படிப்பா நசுக்குவே?" என்றார் அர்ச்சகர். நியாயமான கேள்வி. பழத்தை டாஷ்போர்டில் வைத்துவிட்டு வந்தோம்.

அத்தோடு நின்றிருக்கலாம். எங்கள் தொழிற்சாலையில் 'மாஸ்டர்' என்று ஒரு இரும்புத் துண்டு உண்டு. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். மற்றக் கருவிகளையெல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். அதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். பிளஸ் மைனஸ் தன் காரை மாஸ்டராக அறிவித்தார். செயற்கைக்கோளுக்கு அன்றோடு ஓய்வு கொடுக்கப்பட்டது. இனி எந்த வண்டியாக இருந்தாலும் அவர் கார் பக்கத்தில் ஓடி, அதன் முள்ளைப் பார்த்துத் தன் முள்ளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிள்ளைப்பாக்கத்தில் நிலம் விற்று முடித்துப் பழைய கார் விற்க வந்த தரகர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டார். தவறாகக் கேள்விப்பட்டார்.

"சார், மீட்டர்ல கிலோமீட்டர் ஜாஸ்தியா கீது. கொஞ்சம் கொறச்சி வெச்சிக் குடேன்."

பிளஸ் மைனஸ் காரைச் சுற்றி வந்தார். "கொறைக்க முடியாது அண்ணாச்சி. கூட்டணும். கம்பெனி டயர மாத்திப் பெரிய டயரு போட்டிருக்கீங்க. ஒரு சுத்துக்குக் கூடுதலா ஓடுது, அது மீட்டருக்குத் தெரியாது. வண்டி நிசமா ஓடினது இதவிட அதிகம்."

அப்போது அந்தக் காரை வாங்க வந்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தரகர் அதன் பிறகு அந்தத் தெருவில் வரவில்லை.

இனி ஏழுமலை. எங்களைப் படப்பையிலிருந்து ஆலைக்கு ஏற்றிப்போன வேன் அவருடையது. இருந்த நிலத்தைக் கொடுத்து வாங்கியது. கம்பெனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த வேனுக்கு வேறு பிழைப்பு இல்லை. வேனில் கம்பெனியின் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. அறுபதைத் தாண்டினால் டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தகவல் போகும். மூன்று தகவல் போனால் ஒப்பந்தம் ரத்து. ஏழுமலை முள்ளை அறுபதுக்குக் கீழேயே பிடித்து ஓட்டுவார். வேன் தாமதமாகப் போகும், நாங்கள் அவரைத் திட்டுவோம்.

"வேகமா போனா அவுங்க கேக்கறாங்க. மெதுவா போனா நீங்க கேக்கறீங்க. நான் இன்னாதான் சார் பண்றது?" என்று ஒருநாள் அவர் கேட்டதுதான் தவறு. கேட்ட இடத்தில் பிளஸ் மைனஸ் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு அறுவது வர உரிமை இருக்கு. நீங்க அம்பத்தாறுலதான் போறீங்க. மிச்சத்த உங்க மீட்டரு திங்குது."

தன் உரிமையை மீட்டர் தின்கிறது என்று கேட்டால் எந்த மனிதனும் சும்மா இருக்க மாட்டான். அடுத்த ஞாயிறு காரும் வேனும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. தீப்பெட்டி பொருத்தப்பட்டது. திங்கள் காலை நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏழுமலை பிளஸ் மைனஸுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை முதல் தகவல் போனது. அந்த வாரம் முடிவதற்குள் மூன்றும் போய்விட்டன.

"முள்ளு அறுவத தாண்டவே இல்ல சார். என் புள்ள மேல சத்தியம்," என்றார் ஏழுமலை.

"மீட்டரு சரியாத்தான் இருக்கு. ஜி.பி.எஸ். தப்பு," என்றார் பிளஸ் மைனஸ். தன் கார் மீட்டரைத் திருத்த அதே செயற்கைக்கோளைத்தான் குருவாக வைத்திருந்தார் என்பது அவருக்கு மறந்துவிட்டது. எங்கள் எல்லோருடைய கையெழுத்துடனும் அவரே ஒரு மனு எழுதினார். மேகம், மேம்பாலம், உயர் அழுத்த மின்கம்பி எல்லாம் அதில் இருந்தன. இவ்வளவு குறைபாடுகளுடன் அந்தச் செயற்கைக்கோள் மேலே எப்படி நிற்கிறது என்று படித்தவர்களுக்குச் சந்தேகம் வரும். டிரான்ஸ்போர்ட் மேலாளர் அம்மாள் ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டதாகவும், விசாரணை ஒரு சம்பிரதாயம்தான் என்றும் கேள்விப்பட்டோம்.

விசாரணை நாள் காலை, ஆலை வாசலில் காரை நிறுத்திவிட்டு பிளஸ் மைனஸ் தைரியம் சொல்ல வந்தார். ஏழுமலை ராத்திரி தூங்கியிருக்கவில்லை.

"உம் பேச்சக் கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்," என்று காரின் முன்சக்கரத்தை ஓங்கி ஒரு உதை விட்டார்.

பிளஸ் மைனஸ் குனிந்தார். அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தோம். அவர் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தார். எழுந்து போய் அடுத்த டயரைப் படித்தார். நான்கையும் படித்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, டயரு ஒரு சைஸ் பெருசு."

விஷயம் எளிமையானது. கோயிலுக்குப் போய் வந்த பிறகு, அவர் ஷிப்டில் இருந்த ஒருநாள், படப்பைக் கடையில் விட்டு நாலு டயரும் புதிதாகப் போட்டிருந்தார். கேட்ட அளவு கடைக்காரரிடம் இல்லை. அடுத்த அளவை மாட்டிவிட்டு, பில்லில் கேட்ட அளவையே எழுதிக் கொடுத்துவிட்டார். பிளஸ் மைனஸ் அந்தப் பில்லை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். டயரைப் பார்க்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் இதற்குத் தர உறுதி என்று பெயர்.

"என் மீட்டரு கம்மியா காட்டிருக்கு. அத வச்சுத் திருத்தின உங்க மீட்டரும் கம்மியா காட்டுது. நீங்க அறுவத்து நாலுல போயிருக்கீங்க. அது சரியாத்தான் சொல்லியிருக்கு," என்று வானத்தைக் காட்டினார்.

ஏழுமலைக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் ஆபத்து புரிந்தது. "சார், இத உள்ள வந்து சொல்லாத. மனு போயிட்ச்சி. மேடம் ஒத்துக்கினாங்களாம். நீ வாய மூடிக்கினு இருந்தாலே போதும்."

"அது தப்பான ரிப்போர்ட்டுல்லா, அண்ணாச்சி."

"நெலத்தக் குடுத்து வாங்கன வண்டி சார் இது."

பிளஸ் மைனஸ் உள்ளே போய், மேலாளர் அம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். பயணிகள் சார்பில் போயிருந்த நான் சுவரைப் பார்த்தேன். ஏழுமலை தரையைப் பார்த்தார்.

"அப்போ இந்த மனுவுல மேகம், மின்கம்பின்னு எழுதினது யாரு?" என்று கேட்டார் மேலாளர்.

"நான்தான் மேடம். அது தப்பு."

"வண்டி வேகமா போனதுக்கு ரூட் காஸ், மூல காரணம் என்ன?"

"நான்தான் மேடம்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து இந்தக் கம்பெனியில ரூட் காஸ்னு கேட்டா மழைன்னு சொல்வாங்க. கரண்ட்னு சொல்வாங்க. ரெண்டும் இல்லன்னா ஆபரேட்டர். மனுஷன் ஒருத்தன் தானா வந்து நான்தான்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்." பிறகு ஏழுமலையைப் பார்த்தார். "நீங்க போய் வண்டிய எடுங்க. அந்தப் பெட்டிய மொதல்ல புடுங்கிப் போடுங்க."

ஒப்பந்தம் தப்பியது. பிளஸ் மைனஸ் கம்பெனி வாகனம் எதன் டாஷ்போர்டுக்கும் கையெட்டும் தூரத்தில் வரக்கூடாது என்று தனியாக ஒரு உத்தரவு வந்தது. அந்த ஆலை போட்ட உத்தரவுகளில் எல்லாத் தரப்பும் மகிழ்ந்து வரவேற்றது அது ஒன்றுதான்.

சரியான அளவு டயர் வரும்வரை காரைத் தொட மாட்டேன் என்று பிளஸ் மைனஸ் வேனில் வர ஆரம்பித்தார். ஏழுமலை அவரோடு பேசவில்லை. டீயும் நின்றுபோனது. பிளஸ் மைனஸ் கடைசி வரிசையில், உத்தரவில் சொன்னதைவிட அதிகத் தூரத்தில், யார் காலையும் மிதிக்காமல் ஒடுங்கி உட்கார்ந்து வந்தார். ஒருநாள் சாலையோரக் கிலோமீட்டர் கல்லையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் பார்க்காதது மாதிரி இருந்தோம். ஏழுமலை மட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், எவ்ளோல போறேன்?"

"அம்பத்தாறு, அண்ணாச்சி. பயப்பட வேண்டாம்."

பிறகு ஏழுமலை தன் பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"முன்னால வந்து குந்து சார். பின்னால தூக்கித் தூக்கிப் போடும்."

உத்தரவு இருக்கிறதே என்று பிளஸ் மைனஸ் தயங்கினார். உத்தரவைப் படித்த நாங்கள் அத்தனை பேரும் காலை ஒதுக்கி அவருக்கு வழி விட்டோம்.