கொஹொம்பவத்தைக்கு வறட்சி வழங்கப்பட்ட வரலாறு

மழை பெய்யாவிட்டால் வறட்சி தானாக வந்துவிடும் என்றுதான் கொஹொம்பவத்தை மக்கள் எழுபத்துமூன்றாம் ஆண்டு வரை நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு விண்ணப்பம், ஒரு பரிசோதனை, ஒரு சிபாரிசு, அதன்மேல் ஒரு மேலொப்பம் எல்லாம் வேண்டும் என்பது அந்த அப்பாவிச் சனங்களுக்குத் தெரியாது.

பல்லேபொலவிலிருந்து இரண்டு கட்டை தூரம் உள்ளே போனால் வருகிற நாற்பது வீட்டு ஊர் அது. மாசியில் தொடங்கிய வெயில் ஆவணியாகியும் இறங்கவில்லை. வயல் வாய் பிளந்து கிடந்தது. மிளகுக்கொடி படர்ந்த மரத்திலேயே கருகி நின்றது. பலாபத்வலச் சந்தியில் தார் இளகி, பஸ் ஏறப்போன ஒருவரின் செருப்பு ரோட்டிலேயே தங்கிவிட, ஆள் மட்டும் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஊரில் வற்றாமல் இருந்தது ஒரே ஒரு கிணறு. நூருன்னிஸாவின் கிணறு. அவள் புருஷன் மௌத்தாகிப் பத்து வருஷம். பின்வளவில் நூற்றைம்பது மிளகாய்க் கன்று வைத்து, காயைப் பலாபத்வலக் கடைகளுக்குப் போட்டு வயிறு வளர்க்கிறவள். விடிந்ததும் ஊர்ச்சனம் குடங்களோடு வந்துவிடும். எல்லாரும் அள்ளி முடித்த பிறகுதான் அவள் கன்றுகளுக்கு ஊற்றுவாள். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. யாரும் கொடுத்ததும் இல்லை.

வறட்சி என்று அறிவித்த ஊர்களுக்கு அரிசி, கோதுமை மா, பவுசர் வண்டியில் குடிதண்ணீர் எல்லாம் கிடைக்கிறதாம் என்ற செய்தியை இத்ரூஸ் கொண்டுவந்தான். ஊரில் மனு எழுதத் தெரிந்தவன் அவன்தான். எழுதினான். ஒன்றரை மாதம் கழித்து, வறட்சி மதிப்பீட்டு உத்தியோகத்தர் விஜயரத்தினம் கறுப்புக் கண்ணாடியும் பெல்பொட்டம் காற்சட்டையுமாக வந்து இறங்கினார். கையில் ஒரு நீண்ட அளவுகோல். நேரே நூருன்னிஸாவின் கிணற்றுக்குப் போனார். கோலை இறக்கினார். ஏற்றினார்.

"நாலடி ரெண்டு அங்குலம்," என்றார். "சுற்றறிக்கைப்படி எந்தவொரு கிணற்றிலாவது மூண்டடி தண்ணி இருந்தால் அந்த ஊரில வறட்சி இல்லை."

"மழை பேஞ்சு ஏழு மாசமாச்சுங்க ஐயா," என்றாள் நூருன்னிஸா.

"தெற்கில காலி டவுனில வெள்ளம் அம்மா. ரேடியோவில கேக்கேல்லையோ? நாட்டின்ர சராசரி மழை வலு திருப்தி."

"காலியில பேஞ்சா எங்க வயல் நனையுமாங்க?"

விஜயரத்தினம் கொஞ்சம் யோசித்தார். அநியாயமாகப் பேசுகிற மனுஷன் அல்ல.

"சராசரியில நனைஞ்சிருக்கும்," என்றார்.

அவர் போனதும் ஊர் முழுக்க நூருன்னிஸாவைத் திரும்பிப் பார்த்தது. நேற்றுவரை 'ராத்தா, ராத்தா' என்று குடத்தோடு வந்தவர்கள்தான்.

"ஒங்க கிணத்தாலதான் எங்களுக்கு வறட்சி இல்லாமப் போச்சு," என்றான் இத்ரூஸ்.

"அந்தக் கிணத்துத் தண்ணியத்தானே ஏழு மாசமா குடிக்கிறீங்க?"

"குடிச்சோம். இல்லன்னு சொல்லல்ல. ஆனா அரிசி வருமா அதுல?"

கிணற்றில் அரிசி வராதது உண்மைதான்.

இரண்டாவது பரிசோதனைக்கு மனுப் போட்டார்கள். உத்தியோகத்தர் வருகிற அன்று சுபஹு தொழுகை முடிந்ததும் ஊரே கூடி இறைக்கத் தொடங்கி, மதிய லுஹர் பாங்குக்குள் கிணற்றை அடி தட்டும்படி வற்றவைத்தது. சிந்த மனமில்லாமல் குடம், கிடாரம், வாளி, சோற்றுச் சட்டி என்று கிடைத்ததில் எல்லாம் நிரப்பிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு நோனா, மகள் கலியாணத்துக்கு வாங்கி ஒளித்து வைத்திருந்த பித்தளைக் குடங்களைக்கூட எடுத்துவிட்டாள்.

கோல் எட்டு அங்குலம் காட்டியது. விஜயரத்தினத்தின் முகம் மலர்ந்தது. அவருக்கும் வறட்சி கொடுக்க ஆசைதான். ஆனால் படிவத்தின் அடுத்த பக்கத்தில் 'வீட்டு நீர் இருப்பு' என்று ஒரு பந்தி இருந்தது. வீடு வீடாகப் போய் எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பாத்திரம், கழுத்து முட்ட.

"மாத்தளை டவுனிலயே ஒரு வீட்டில இவ்வளவு தண்ணி இல்லை," என்று வியந்தபடி 'வறட்சி இல்லை' என்று எழுதினார்.

மூன்றாவது தடவை இத்ரூஸ் விடவில்லை. கிணற்றையும் வற்றவைத்து, இறைத்த தண்ணீரையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தெருவில் ஊற்றச் செய்தான். தாகத்தில் உலர்ந்த உதடுகளோடு நாற்பது வீட்டுக்காரரும் வெறும் குடங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். நூருன்னிஸா மட்டும் தன் பங்கை மிளகாய்க் கன்றுகளின் அடியில் ஊற்றினாள்.

விஜயரத்தினம் தெருவில் இறங்கினார். பெல்பொட்டத்தின் விளிம்பில் சேறு பட்டது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"ஈரம்," என்றார்.

"அது நாங்க ஊத்தினது ஐயா!" இத்ரூஸ் அலறினான்.

"ஊத்திறதுக்குத் தண்ணி இருந்திருக்குதே?"

இத்ரூஸ் கவிழ்த்த குடம் ஒன்றை நிமிர்த்திக் காட்டினான்.

"மழையாத்தான் இருக்க வேணும் எண்டு நானும் எழுதேல்லை. 'நிலத்தில் போதிய ஈரலிப்புக் காணப்பட்டது.' அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் நூருன்னிஸாவின் வேலியில் இரண்டு கம்பு பிடுங்கப்பட்டிருந்தது. மறுநாள் தண்ணீருக்கு வந்தவர்கள் ஸலாம் சொல்லவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அவள் பஸ் ஏறி, விஜயரத்தினத்தின் காரியாலயத்துக்கே போனாள்.

"ஐயா, நாங்க என்னதான் செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

விஜயரத்தினம் நல்ல மனுஷன். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கிணறு இருந்தால்தானே அம்மா தண்ணி அளக்க வேணும்? பாவனையில இல்லாத கிணறு, சட்டப்படி கிணறு இல்லை. பலகை போட்டு மூடிப்போட்டு, எனக்குக் கிணறு இல்லை எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"ஊர்ல எத குடிக்கிறது?"

"பவுசர் வருமே."

"அது வர்ற வரைக்கும்?"

"வறட்சி எண்டால் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தானே வேணும்."

அவள் கையெழுத்து வைத்தாள். கிணற்றுக்குப் பலகை போட்டு, பலகைமேல் கல் ஏற்றினார்கள். அதன் பிறகு கொஹொம்பவத்தை சனம் தண்ணீர் நிறைந்த கிணற்றைத் தாண்டி, ஒன்றரைக் கட்டை நடந்து, அடுத்த ஊர்ப் பள்ளத்தில் ஊறுகிற கலங்கலை அகப்பையால் கோலிக்கொண்டு வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. அரசாங்கக் காரியத்துக்காகத் தாகமாக இருப்பதில் ஒரு மதிப்பு இருந்தது. நூருன்னிஸாவும் நடந்தாள். கொண்டுவந்த ஒரு குடம் குடிக்கவும் சமைக்கவுமே போதவில்லை. மிளகாய்க் கன்றுகள் முதல் கிழமை தலை தொங்கின, இரண்டாம் கிழமை இலை கொட்டின, மூன்றாம் கிழமை அவள் அவற்றைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்தாள். எரிந்த புகையில் கூட நெடி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நோனாவிடம் சொன்னாள்.

ஐந்தாம் கிழமை உத்தரவு வந்தது. கொஹொம்பவத்தைக்கு வறட்சி வழங்கப்பட்டிருந்தது. ஊர் பட்டாசு கொளுத்தியது.

பவுசரும் வந்தது. இரத்தோட்டைப் பக்கத்து முத்துவீரன் ஓட்டிவந்தான்; பக்கத்து இருக்கையில் விஜயரத்தினம். வரவேற்க ஓடிய இத்ரூஸ் தொட்டியைத் தட்டிப் பார்த்தான். டங்கென்று சத்தம் கேட்டது.

"காலியா இருக்கே!"

"ஆமாங்க. டவுன் பைப்புல வெறும் காத்துதான் வருது. பக்கத்துல பாவனையில இல்லாத நீர்நிலை ஏதாச்சும் இருந்தா அதுல நிரப்பிக்கச் சொல்லி ஆர்டர்." முத்துவீரன் மடித்த கடதாசியை விரித்தான். "லிஸ்ட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கொஹொம்பவத்தை. கைவிடப்பட்ட கிணறு."

பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் ஆறடிக்கு ஏறி நின்றது. குழாயை இறக்கி, மோட்டாரைப் போட்டு, பவுசரை நிரப்பினான். பிறகு வண்டியை முப்பது யார் தூரம் முன்னால் ஓட்டி, சந்தியில் நிறுத்தினான். விஜயரத்தினம் இறங்கிப் பெயர் வாசித்தார். வீட்டுக்கு இரண்டு வாளி. முப்பத்தொன்பது பெயர் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடினார்.

"எனக்கு ஐயா?" என்றாள் நூருன்னிஸா.

"உங்கட பேர் இதில இல்லையே அம்மா. முதல் பரிசோதனையில நீங்கள் நீர் வசதி உள்ள ஆள்."

"அது என் கிணத்துத் தண்ணிங்க!"

விஜயரத்தினம் கோப்பைத் திறந்து, அவள் கையெழுத்தை அவளுக்கே காட்டினார். "உங்களுக்குக் கிணறு இல்லை அம்மா."

நூருன்னிஸா இத்ரூஸைப் பார்த்தாள். அவன் உத்தியோகத்தருக்குப் போட வைத்திருந்த மாலையின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தான். மாலை விழுந்தது. கைதட்டினார்கள். வாளியில் வாய் வைத்துக் குடித்த ஒருவர், "என்ன இருந்தாலும் அரசாங்கத் தண்ணி அரசாங்கத் தண்ணிதான்," என்றார். "அந்தக் கெணத்துத் தண்ணி கொஞ்சம் உப்புக் கரிக்கும்," என்று மற்றவர் ஒத்துக்கொண்டார்.

நோனாவுக்கு மனம் கேட்கவில்லை. தன் வாளியிலிருந்து ஒரு கோப்பை மொண்டு நூருன்னிஸாவிடம் நீட்டினாள். நூருன்னிஸா முதலில் மறுத்தாள். பிறகு தாகம் தாங்காமல் வாங்கிக் குடித்தாள்.

குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பிக் கொடுக்காமல் சற்று நின்றாள். அவர்கள் சொன்னது சரிதான். முன்னைவிட இனிப்பாகத்தான் இருந்தது.