ஏலக்காய் டிரையரில் காய்ந்த வீடியோ கேம்

தொழில் தெரியாதவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஓர் எல்லை உண்டு. பயந்து பயந்து செய்வான், பாதியிலேயே கையை எடுத்துவிடுவான். தொழில் தெரிந்தவன்தான் கடைசிவரை போவான். நான் கடைசிவரை போனவன்.

உத்தமபாளையத்தில் நான் பார்ப்பது பழைய வீடியோ கேம் போர்டுகளுக்கு வைத்தியம். காசு போட்டு, குச்சியை ஆட்டி விளையாடுவோமே, அந்த ஆள் உயரப் பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு. எல்லாம் முப்பது வருடத்துக்கு முந்தைய சரக்கு. பெங்களூரிலும் சென்னையிலும் இவற்றை ஆசையாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. கெட்டுப்போனால் கைக்குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி எனக்குப் பார்சல் அனுப்புவார்கள். என்னால் முடியாமல் திரும்பிப்போன போர்டுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். (தற்பெருமை இல்லை. சரி, கொஞ்சம் தற்பெருமைதான்.)

யாஸ்மின் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவள். அது அன்றைக்கே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை பழுதானது. (ஒரு தடவை பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, ஆன் ஆகவில்லை என்று கொண்டுவந்தாள். நானும் ரொம்ப நேரம் ஆராய்ச்சி செய்தேன்.) அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் என்பது பிறகு தெரிந்தது. ஆக, அத்தாவும் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனார்கள்.

அவளுடைய அத்தா ஹனீபா மாமா ஏலக்காய் வியாபாரி. கம்பம்மெட்டுக்கு மேலே சொந்தத் தோட்டமும், பறித்த காயை உலர்த்துகிற ஸ்டோரும் உண்டு. மனிதர் மூக்குக்குப் பேர்போனவர். நாலு காயை நசுக்கி முகர்ந்தால் எந்த மலைக் காய், எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். வாசம் சரியில்லை என்று அவர் சரக்கு ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த மூக்கைக் கொண்டு என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி என்ன வேல பாக்குறீக?"

"பழைய வீடியோ கேம் போர்டு ரிப்பேர் பாக்குறேன் மாமா."

அவர் காத்திருந்தார். மீதியையும் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்.

"அது போக?"

"அதுதான் மாமா."

என் அம்மா, பையன் தங்கமானவன் என்று தொடங்கி, எனக்குக் காய்ச்சல் வந்தால்கூடக் கஞ்சியை நானே வைத்துக்கொள்வேன் என்பது வரை சொல்லிப் பார்த்தார். மாமா தாடியைத் தடவிக்கொண்டே யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

"மேல தோட்டத்துல டூரிஸ்டுக தங்குற வீட்டுல அப்படி ஒரு பெட்டி கெடக்கு. எம் பெரிய மகன் ஆசப்பட்டு வாங்கிப் போட்டான். இப்பப் படம் கோணமாணலா வருது. எர்ணாகுளத்துல இருந்து ஒருத்தர் வந்து பாத்துட்டு 'ரட்சயில்ல, இனிப் பொழைக்காது'ன்னுட்டுப் போயிட்டாரு. வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு நம்ம பெரியவுக எல்லாம் அங்கன சாப்பாட்டுக்கு வாராக. அன்னிக்கு அது ஓடட்டும். தேதி பேசுவோம்."

"ஓடலேன்னா?" என்று என் அத்தா கேட்டார். (அவருக்கு என் மேல் எப்போதும் அவ்வளவு நம்பிக்கை.)

"தேனியில பேங்க்ல இருக்க மாப்ள ஒண்ணு வந்துருக்கு. அவுகளுக்கும் பதில் சொல்லணுமில்ல."

வியாழக்கிழமை யாஸ்மின் போன் செய்தாள். "எங்கத்தாவுக்கு வாய்ப்பேச்சு ஆகாது. போனோமா, வேலையப் பாத்தோமான்னு இருங்க. நல்லாயிருச்சுன்னா கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருங்க. அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீக, சரியா?" என்றாள். சரி என்றேன். அந்த நேரத்தில் சத்தியமாகச் சரி என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மலை ஏறிவிட்டேன். மேலே பொசபொசவென்று சாரல். தோட்டத்து வீட்டு ஹாலில் பெட்டி நின்றது. அது சண்டை போடுகிற கேம். ஆன் செய்தால் வருகிற ஆட்கள் எவருக்கும் தலை இல்லை. தலையில்லாமலேயே குதித்துக் குதித்து உதைத்துக்கொண்டார்கள். பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். தலை மட்டும் இல்லையென்றால் நோய் ஓரிடத்தில்தான் இருக்கிறது, உடம்பெல்லாம் பரவவில்லை என்று அர்த்தம். எர்ணாகுளத்துக்காரருக்கு அது தோன்றாததில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பெட்டியின் முதுகைத் திறந்து முதலில் மின்சாரத்தை அளந்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் குறைவு. ஒரு திருகைத் திருப்பிச் சரியாக்கினேன். தலை வரவில்லை. சந்தேகப்பட்ட மெமரி சிப்புகளின் முதுகில், நல்ல சிப் ஒன்றை உப்புமூட்டை ஏற்றுவதுபோல ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். கெட்ட சிப்பின் வேலையைச் சில சமயம் முதுகில் ஏறியது பார்த்துவிடும். மூன்றாவது சிப்பில் ஏற்றியதும் எல்லோருக்கும் தலை வந்துவிட்டது, மீசையோடு. அந்தச் சிப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துப் பற்றவைத்தேன். பத்தரை மணிக்கு வேலை முடிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

இனி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்தேன், பத்து நிமிடம்.

பிறகு போர்டைப் பார்த்தேன். என்ன அழுக்கு. எலிப் புழுக்கை, சிலந்தி வலை, எர்ணாகுளத்துக்காரர் ஒட்டிவிட்டுப்போன டேப்பின் பிசின். பெரியவர்கள் வருவார்கள், மாமா பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார், உள்ளே இப்படியா இருப்பது? பேங்க் மாப்பிள்ளை பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வருவானே என்று நினைத்ததும் கை தானாகப் போர்டைக் கழற்றிவிட்டது.

போர்டைத் தண்ணீரில் கழுவலாமா என்று கேட்பீர்கள். கழுவலாம், நாங்கள் கழுவுவோம். பாத்திரம் துலக்குகிற சோப்பைப் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாயடியில் அலசினேன். பிசின் மட்டும் போகவில்லை. ஸ்டோர் ஜன்னலுக்கு அடித்த பெயிண்ட் மிச்சத்தோடு பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பா ஒன்றும் இருந்தது. ஒரு பழைய பனியன் துணியை அதில் நன்றாக முக்கித் துடைத்தேன். போர்டு புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சிப்புகளுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். வீட்டில் என்றால் இரண்டு நாள் வெயிலில் காயவைப்பேன். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? சாரல் நின்றபாடில்லை. மணி பதினொன்று. ஈரத்தோடு ஆன் செய்தால் போர்டும் போகும், பெண்ணும் போகும்.

அப்போதுதான் ஸ்டோரில் டிரையர் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது.

ஏலக்காய் டிரையர் என்பது ஒரு பெரிய அலமாரி. உள்ளே அடுக்கடுக்காகக் கம்பித் தட்டுகள், தட்டு நிறையக் காய். அடியிலிருந்து சூடான காற்று மேலே ஏறும். ஐம்பது டிகிரி, கூடாமல் குறையாமல். போர்டு காயவைக்க உலகத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. இப்படி ஒரு யோசனை இதுவரை எவனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

டிரையரைப் பார்த்துக்கொள்கிற சின்னச்சாமி அண்ணன் குறுக்கே நின்றார். "தம்பி, உள்ள காய் கெடக்கு. மொதலாளி இந்தப் பறிப்ப ஏலத்துக்குன்னே தனியா வச்சிருக்காக. சாயங்காலம் எறக்கணும்."

"காய்க்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் போர்டத்தான வைக்கிறேன்."

"இல்ல தம்பி, அது வந்து..."

"அண்ணே, இது எலக்ட்ரானிக்ஸ்."

இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டார். சூடான காற்று முதலில் போர்டில் பட வேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் அடித்தட்டில் வைத்தேன். கம்பி கீறிவிடக் கூடாது என்று அடியில் மெத்தையாக ஒரு துணியை விரித்தேன். வேறு எந்தத் துணி? கையில் இருந்த அதே பனியன்தான். (தின்னர் சூட்டில் குப்பென்று தீப்பிடிக்கிற சரக்கு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைவு வரவில்லை. அன்று ஸ்டோர் வானத்துக்குப் பறக்காமல் இருந்தது அல்லாஹ்வின் கிருபை, என் சாமர்த்தியம் அல்ல.) பிறகு ஜும்மா தொழக் கீழே போனேன். தொழுதுவிட்டு துஆ கேட்கும்போதுகூட ரொம்ப நம்பிக்கையாகத்தான் கேட்டேன்.

நான் மேலே திரும்பியபின் பெரியவர்களும் என் அத்தாவும் வந்து, எல்லோரும் நெய்ச்சோறும் கறியும் சாப்பிட்டு முடித்தபோது மாமா நல்ல குஷியில் இருந்தார். "வாங்க, இந்த வருசத்துக் காயக் காட்டுறேன்" என்று எல்லோரையும் ஸ்டோருக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. நம் போர்டையும் எல்லோரும் பார்ப்பார்களே என்றுதான் பின்னாலேயே போனேன்.

சின்னச்சாமி அண்ணன் டிரையர் கதவைத் திறந்தார். மாமாவின் அண்ணன், எல்லோரும் பெரியத்தா என்று கூப்பிடுகிறவர், ஒரு காயை எடுத்து நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு காயையும் எடுத்து நசுக்கினார்.

"ஹனீபா, ஸ்டோருக்கு இன்னிக்கா பெயிண்ட் அடிச்சீக?"

மாமா சிரித்துக்கொண்டே ஒரு காயை எடுத்து முகர்ந்தார். சிரிப்பு போய்விட்டது. அடுத்த தட்டில் எடுத்தார். அதற்கடுத்த தட்டு. ஒவ்வொரு தட்டாகக் குனிந்து குனிந்து கீழே வந்தார். கடைசித் தட்டில், பனியன் மெத்தையில், என் போர்டு ஜம்மென்று படுத்திருந்தது. காய்க்குள் தின்னர் வாசம் இறங்கியாகிவிட்டது. தேனி பேங்க் மாப்பிள்ளை கண் முன்னால் ஷூவைத் துடைத்தான்.

"இத வச்சது யாரு?"

சின்னச்சாமி அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் வாய் என்பது ஒன்று இருக்கிறதே. போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தைரியம் சொல்கிற குரலில் சொன்னேன்.

"பயப்படாதீக மாமா. போர்டுக்கு ஒண்ணும் ஆகல."

என் அத்தா மெல்ல வெளியே போய்ச் சாரலில் நின்றுகொண்டார்.

மாமா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாட்டுங்க, பாப்போம்" என்றார், அவ்வளவுதான். ஹாலுக்குப் போய்ப் போர்டை மாட்டினேன். ஆன் செய்தேன். படம் வந்தது, தலைகளோடு, அத்தனை நிறத்தோடு. பெரியத்தா குச்சியைப் பிடித்தார், மாமாவை எதிர்ப் பக்கம் நிற்கச் சொன்னார். இரண்டு பேரும் வெற்றிலை மென்றுகொண்டே உதைத்துக்கொண்டார்கள். பெட்டி சூடாகச் சூடாக அதன் பின்பக்க ஓட்டைகளிலிருந்து கமகமவென்று ஏலக்காய் வாசம் வந்தது. மாமா நிறுத்தினார். மூக்கைப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அடப்பாவி, இது எங்காய் வாசமால்ல இருக்கு," என்றார்.

பெரியத்தா சிரிக்கத் தொடங்கினார். சோஃபாவில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "ஏலே ஹனீபா, ஒன் காய் வாசம் பூரா அந்தத் தம்பி போர்டுல ஏறிருச்சு. அவரு தின்னரு பூரா ஒன் காயில ஏறிருச்சு. இனிப் பேச என்னலே இருக்கு? தேதியக் குறி."

மாமா சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரட்சயில்லன்னு போனத ஒரு காலையில எந்திரிக்க வச்சிருக்கீக. அதுக்குப் பொண்ணு குடுக்கலாம்" என்றார். பிறகு வாசலில் நின்ற சின்னச்சாமி அண்ணனிடம் திரும்பினார். "அந்தக் காய ஏலத்துக்கு அனுப்பாத. மூட்ட கட்டி வையி. மாப்ள வீட்டுக்குச் சீரோட போகட்டும்."

மாப்ள என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. மூட்டை என்று சொன்னது அப்போது கேட்கவில்லை.

சீர் வந்த அன்று கட்டில், பீரோவுக்கு முன்னால் அந்த மூட்டைதான் வண்டியிலிருந்து இறங்கியது. வீணாக்க மனசு வராமல் என் அம்மா அதை ஒரு வாரம் மாடியில் காயவைத்தார். பாதி வாசம் போயிற்று, பாதி போகவில்லை. வருடக்கணக்கில் எங்கள் வீட்டு டீயில் அதுதான். புதிதாக வருகிற விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு, "வீட்டுக்கு வெள்ளையடிச்சீகளா?" என்று சுற்றிலும் பார்ப்பார். யாஸ்மின் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதையை முதலிலிருந்து சொல்வாள். 'போர்டுக்கு ஒண்ணும் ஆகல' என்கிற இடத்தில் என் குரலிலேயே பேசிக் காட்டுவாள். குடும்பத்தில் இப்போது யார் பைக்கிலிருந்து விழுந்தாலும், யார் பரீட்சையில் கோட்டைவிட்டாலும், முதலில் சொல்கிற ஆறுதல் அதுதான்.

போன மாதம் உண்மையாகவே எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். மூட்டை காலியாகி ரொம்ப நாளாயிற்று. சுவரெல்லாம் ஈரமாக இருக்கும்போது மாமா கம்பத்திலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், அந்தப் பேர்போன மூக்கால் ஒருமுறை ஆழமாக இழுத்தார்.

"யாஸ்மினு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "டீ பொங்குது போல, அடுப்பப் பாருத்தா."