மயில் படம் எடுக்கப் போன கதை

வாழ்நாளில் ஒன்றேகால் மணி நேரம் மட்டும் நான் வனவிலங்குப் புகைப்படக் கலைஞனாக இருந்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தா. இரண்டில் எது என்னை ஊரில் பிரபலமாக்கியது என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. என் மனைவிக்குக் கூச்சமே கிடையாது. அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்து நான்கு வயது. ஒன்றும் தெரியாது என்பதுகூடத் தெரியாத வயது. எங்கள் முதலாளி பெரிய முருக பக்தர். பனியன் பெட்டியில் மயில், லெட்டர் தாளில் மயில், வருடா வருடம் வியாபாரிகளுக்கு அனுப்பும் காலண்டரிலும் மயில். சிவகாசியில் ஓர் ஓவியர் வரைந்து கொடுப்பார். (அந்த மயில் கொஞ்சம் வான்கோழி ஜாடையில் இருக்கும், அது வேறு விஷயம்.) ஒரு நாள் காலண்டர் பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன். வரைந்த மயில் எதற்கு, நிஜ மயிலையே காட்டில் போய்ப் படம் பிடித்துவிடலாம், விடியற்காலை வெளிச்சத்தில் பிடித்தால் தோகை தங்கமாக மின்னும் என்று அளந்துவிட்டேன். கிடைப்பது கறுப்பு வெள்ளைச் சுருள்தான், அதில் தங்கமும் தகரமும் ஒன்றுதான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

முதலாளி நம்பினார். பாவம், நல்ல மனிதர். நம்பியதற்கு ஒரு காரணமும் இருந்தது. சாமளாபுரத்தில் விசைத்தறி வைத்திருந்த அவருடைய சிநேகிதரின் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணின் பெயர் சரஸ்வதி. காபி கொடுத்தபோது ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். குடித்த தம்ளரைக் கீழே வைக்க மறந்து, கையில் வெறும் தம்ளரோடு தெருவரைக்கும் வந்துவிட்டேன். அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். பெண்ணின் அப்பாதான், லெட்டர் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "வெள்ளிக்கெழம அவரு இங்க வர்றாரு கண்ணு. அந்தப் படத்தக் கொண்டாந்து அவரு முன்னால வெய்யி. பையன் வெறும் குமாஸ்தா இல்லீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு புடி வேணுமல்லோ?"

ஆக, படம் நன்றாக வந்தால் சரஸ்வதி. வராவிட்டால் கடைசிவரைக்கும் கடிதம்தான்.

கேமரா, என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. பெட்டி மாதிரி இருக்கும். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே தபால்தலை அளவில் இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். சுருளோடு ஓர் இங்கிலீஷ் தாள் வந்தது. அதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு விதி. சூரியன் எப்போதும் படம் எடுப்பவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

இந்த ஒற்றை விதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் பண்ணின அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. டீக்கடையில் யாராவது வெயிலைப் பற்றிப் பேசினால் போதும், வெயில் வேறு வெளிச்சம் வேறு என்று பிரசங்கம் ஆரம்பித்துவிடுவேன். நொய்யல் பாலத்தில் நின்று, இரண்டு கை விரல்களாலும் சட்டம் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக்கும் என்று ஒரு புண்ணியவான் ஊதிவிடவே வந்துவிட்டார்.

முதலிபாளையம் பக்கம் ஒரு பாறைக்காட்டில் விடிகிற நேரத்துக்கு மயில் வரும் என்று கம்பெனி வண்டிக்காரர் சொன்னார். முதல் நாள் சாயங்காலமே போய் இடம் பார்த்தேன். கிழக்கே ஒரு சின்ன மேடு. எதிரே பாய் விரித்த மாதிரி வெளேரென்று பாறை. அதற்கு அப்பால் கொள்ளுக்காடு. மேட்டில் நான், முதுகில் சூரியன், முன்னால் மயில். எல்லாம் அந்தத் தாளில் சொன்னபடியே அமைந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். மயிலின் உயரத்துக்கு இறங்கினால்தான் படத்துக்கு அழகு என்று நானே ஒரு விதியைச் செய்து, வேட்டியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டி, மேட்டில் குந்தி உட்கார்ந்தேன். தாகத்துக்கு வேண்டுமென்று வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோயிருந்தேன், பித்தளைச் சொம்பில். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

சூரியன் எழுந்தது. மூன்று மயில்கள் பாறைக்கு அந்தக் கோடியில் வந்து மேய்ந்தன. கண்ணாடிக்குள் எறும்பளவுதான் தெரிந்தன. அந்த எறும்பைத் தேடுவதிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டதால், கண்ணாடியில் மிச்சம் என்ன தெரிகிறது என்று பார்க்கவேயில்லை.

அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடுகளையும் மடக்கி வேறு பக்கமாகக் கொண்டுபோனார். அவருக்குப் பின்னால் தலையில் கூடையோடு இரண்டு பெண்கள். அவர்களும் பேச்சை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு, வேலியோரமாகச் சுற்றிப் போனார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கலைஞனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது! முதலிபாளையத்துக்காரர்களின் ரசனையே தனி என்று மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்தேன். (மடையன். பட்டம் பெற்ற மடையன்.) கால் மரத்துப்போகும்வரை குந்தியிருந்து பன்னிரண்டையும் தீர்த்தேன்.

சுருளை ஸ்டுடியோவில் கொடுத்து, இருப்பதிலேயே தெளிவான படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை போனபோது ஸ்டுடியோக்காரர் உறையை ஒட்டியே கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், நல்லாத் தெளிவாக விழுந்திருப்பதாகச் சொன்னார். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். உறையை நான் பிரிக்கவில்லை. முதலில் பார்ப்பது முதலாளியாக இருக்கட்டும் என்று ஒரு பெருந்தன்மை.

முதலாளியின் அறையில் சரஸ்வதியின் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உறையைப் பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மயிலு எங்க கண்ணு?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். பாறை முழுக்க ஒரு நிழல். தலைப்பாகை கட்டிய ஒருவன் குந்தி உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பக்கமும் முழங்கால். பக்கத்தில் ஒரு சொம்பு. கொஞ்சம் நீளமாக இழுபட்டிருந்தாலும் சந்தேகத்துக்கே இடமில்லாத நிழல். தலைப்பாகைக்கு மேலே கடுகளவில் மயில் இருந்தது. அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றது.

சரஸ்வதியின் அப்பா படத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். (வெளிச்சத்தை எப்படி உபயோகிப்பது என்று அந்த அறையில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது.)

"ஏனுங்க, யாரோ ஒரு மனுசன் காத்தால வெளிக்கிப் போயிருக்கறாரு. அதப் போயி காலண்டர்ல போடறதுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நிழலுக்கு முகம் கிடையாது. அந்த யாரோ ஒரு மனுசன் கடைசிவரைக்கும் யாரோவாகவே இருந்திருப்பான். நான் படம் எடுக்கும்போது எவனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று ஒரு சின்னப் பொய் போதும். ஆனால் கலைஞன் ஆயிற்றே. என் படத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ள முடியுமா?

"அது நாந்தானுங்க" என்றேன்.

வெளியே தையல் மிஷின்கள்கூட நின்றுபோயின. (மின்சாரம் போயிருக்கலாம்.) சரஸ்வதியின் அப்பா சிரிக்கவில்லை. படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இத ஊட்ல காட்டிப்போட்டுச் சொல்லி உடறேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊட்டில் என்றால் சரஸ்வதி. அங்கேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது. அடுத்த ஐந்து நாளும் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் கட்டிங் மேஜைக்காரர்கள் நான் எழுந்து வெளியே போகும்போதெல்லாம், சொம்பு வேண்டுமா என்று பணிவாக விசாரித்தார்கள். ஆறாம் நாள் சாமளாபுரத்திலிருந்து ஆள் வந்தது. நாள் பார்க்கலாம் என்றார்கள்.

ஏன் சம்மதித்தார்கள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. படத்தைப் பார்த்து இரண்டு நாள் விடாமல் சிரித்தாளாம் சரஸ்வதி. அப்புறம் அப்பாவிடம் போய், "பொண்டாட்டிகிட்ட ஒண்ண மறைக்கோணும்னா கொஞ்சமாச்சும் மூளை வேணுமுங்கப்பா. இவருக்கு அது சுத்தமா இல்லீங்க. இவரையே பேசி முடிச்சிருங்க" என்றாளாம். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் கணித்ததில்லை.

அந்த வருடக் காலண்டரில் மறுபடியும் வான்கோழிதான் வந்தது. என் படம் சரஸ்வதியின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் சீராக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கக்கூஸுக்குப் போனதில்லை. எல்லோரும் மயில் படம் எடுக்கத்தான் போவார்கள். பிள்ளைகள் அப்படியே பழகினார்கள், வந்த மருமகள்களும் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள்.

பேரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் சரஸ்வதியும் போனோம். பையனுக்குப் புகைப்படக் கலையில் அபார ஆர்வம் இருப்பதாக டீச்சர் பெருமையாகச் சொன்னார். தினமும் இரண்டு தடவை மயில் படம் எடுக்கப் போக வேண்டும் என்று எழுந்து நிற்கிறானாம். நேற்று மட்டும் பாடம் முடியட்டும் என்று உட்கார வைத்தாராம். அதன்பிறகு எதற்கு அப்படி அழுதான், டவுசர் ஏன் நனைந்தது என்பதுதான் அவருக்குப் புரியவில்லையாம்.

சரஸ்வதி கைப்பையைத் திறந்தாள். அந்தப் படத்தை அவள் கையோடு கொண்டுவந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டீச்சர் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, இது யாருங்க என்று கேட்டார்.

சரஸ்வதி என் பக்கம் திரும்பினாள்.

"அது நாந்தானுங்க" என்றேன்.