மீன் தின்னாத சைவ அண்ணையின் மீன் பொரியல்

எங்கள் சைவ அண்ணையைப்போல் மீன் பொரிக்க இந்தப் பூமியில் ஒருவரும் பிறக்கவில்லை. அவரோ பிறந்த நாள் தொட்டு ஒரு துண்டு மீனை வாயில் வைத்தவரில்லை.

கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தகரக் கூரைச் சாப்பாட்டுக் கடை. மீன் வெட்டுவதும் வெங்காயம் உரிப்பதும் என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். குசினிக்குள் அடுப்படியில் நிற்பதுதான் எனக்கு வசதி. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். யார் மூப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

முந்தி அவர் கலியாண வீடுகளில் சைவச் சமையல் செய்தவர். அந்த வேலை குறைந்ததும் மீனுக்கு வந்தார். கை வந்தது, வாய் வரவில்லை. அதனால் காதால் பொரித்தார். கண்ணை மூடித் தலையை எண்ணெய்த் தாச்சிப் பக்கம் சரித்துக்கொண்டு நிற்பார்.

"முதல்லை மீன் கத்தும் அக்கா. பிறகு முணுமுணுக்கும். முணுமுணுப்பு அடங்கப்போகேக்கை எடுக்கவேணும்."

அந்த நேரத்தில் கடையில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. யாராவது சோறு கேட்டால், "பொறும் தம்பி, மீன் கதைக்குது!" என்று அதட்டுவார். ஒருநாள் ஒருவருடைய போன் அடித்தது. அந்தத் தாச்சி மீன் முழுவதும் நாய்க்குப் போனது. அதற்குப் பிறகு எங்கே போன் அடித்தாலும் சந்தை நாய்கள் எங்கள் வாசலில் வந்து நிற்கும்.

மீனுக்கு ஊற்றுகிற சோஸ் மட்டும் அவர் வாயால் பார்ப்பது. தக்காளிப்பழம், செத்தல் மிளகாய், உள்ளி, வினாகிரி, கொஞ்சம் பனங்கட்டி. குளித்துத் திருநீறு பூசித்தான் காய்ச்சுவார். உள்ளங்கையில் ஊற்றித் தீர்த்தம்போலக் குடித்துவிட்டு, பழக்கத்தில் மிச்சத்தைத் தலையில் தடவுவார். பிறகு கிணற்றடிக்கு ஓடுவார்.

போன ஐப்பசியில், கடை இருக்கிற இடத்தின் சொந்தக்காரரான கட்டடக்காரர் கனடாவிலிருந்து வந்தார். "அண்ணை, போன் கடைக்கு இடம் கேக்கிறாங்கள். நாளை மத்தியானம் உங்கடை மீனைச் சாப்பிட்டுப்போட்டு முடிவு சொல்லுறன். பின்னேரம் பிளேன்" என்றார்.

அண்ணை அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. காலையில் சோஸை மூன்று தரம் காய்ச்சினார். காற்று அடித்ததால் வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. சந்தையில் கிடைத்தது ஒரேயொரு விளைமீன். வெட்டினால் மூன்று துண்டு.

கட்டடக்காரர் வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தார். அண்ணை முதல் துண்டைப் போட்டார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. தகரம் இடிந்து விழுவதுபோல் சத்தம்.

அண்ணை கண்ணைத் திறந்தார். "அக்கா, எனக்கொண்டும் கேக்குதில்லை!"

குத்துமதிப்பாய் எடுத்தார். முள்ளடியில் பச்சை. இரண்டாவது துண்டு கரி. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் மீன் தின்னுற ஆள். பாத்துச் சொல்லுங்கோ."

போட்டார். நான் எண்ணெயையே பார்த்தேன். நுரை பெரிதாக வந்தது, சுருங்கியது, மீன் மிதந்தது. வீட்டில் நான் எடுக்கிற பதம் அதுதான். "எடுங்கோ" என்றேன். எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அண்ணை அசையவில்லை. அட, மனிதர் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்! நுரை குறைகிறது. ஓரம் கறுக்கப் பார்க்கிறது. அரைச்சுவருக்கு அங்கால் கட்டடக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"எடுங்கோ அண்ணை! எடுங்கோ எண்டுறன்!"

அறுபத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்த சத்தம் அது. கட்டடக்காரர் பயந்து எழும்பி நின்றார். அங்கால் தேங்காய்க் கடைக்காரர் மழைக்குள் எட்டிப் பார்த்தார்.

அண்ணை சோஸ் ஊற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார். கட்டடக்காரர் முள்ளுவரை சாப்பிட்டார்.

"உது நீங்கள் பொரிச்சதோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. சோஸ் என்ரை. மீன் அக்கான்ரை."

"இன்னொரு துண்டு இருக்கோ?"

"முடிஞ்சுது. கடை இருந்தால் பிறகு வாங்கோ."

கட்டடக்காரர் விரலை நக்கிக்கொண்டு சிரித்தார். "வாற வருசம் வருவன். கடை இருக்கவேணும்."

அண்ணை குசினிக்குள் வந்து, சோஸ் கையைத் தலையில் தடவிக்கொண்டு அழுதார். கண்ணுக்கு மிளகாய் போய்விட்டது என்று சொன்னார்.

இப்போது அவருக்குக் காது நல்ல மந்தம். மழையில்லாத நாளிலும் கேட்பதில்லை. ஆனாலும் கண்ணை மூடித் தலையைச் சரித்துக்கொண்டுதான் நிற்கிறார். பதம் வந்ததும் நான் அவருடைய கரண்டிப் பிடியில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவேன். கொடிகாமப் பக்கம் வந்தால், போனை நிற்பாட்டிவிட்டு, அதைக் கண்டும் காணாததுபோல் இருந்து சாப்பிடுங்கள்.