கொய்யாக் கன்னுக்கு மடவைத் தலை

அன்னைக்குக் காலைல எனக்கு ஒரே ஒரு வேலை. ஒம்போது குழில எரு போட்டு, ஒம்போது கொய்யாக் கன்ன நடணும். அவ்ளோதான்.

கோட்டைக்குப்பத்துல எங்க மகளிர் குழு எடுத்த முடிவு இது. கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்துல வூட்ல சோறும் ரசமும்தான். பழமெல்லாம் யாராச்சும் ஆஸ்பத்திரில படுத்தாத்தான் பசங்க கண்ணுல படும். அதான், ஒல்லாந்தர் கல்லறைக்குப் பின்னாடி கெடக்குற பொது எடத்துல ஊருக்கே ஒரு பழத்தோட்டம். குழுத் தலைவி கன்னியம்மா அக்கா பொன்னேரி தோட்டக்கலை ஆபீசுக்கு நாலு நடை நடந்து, கெஞ்சி வாங்கியாந்த கன்னுங்க.

"மறுக்கா கேட்டா தரமாட்டாங்கடி. பாத்து நடு"ன்னாங்க.

தலைய ஆட்டினேன். இன்னா எருனு கேட்டிருக்கணும். கேக்கல. நாலு பேரு முன்னாடி எனக்கு வாயே தொறக்காது.

எங்க குப்பத்துல மாடு ஏது? மிஞ்சுறது மீன் தலையும் எறா ஓடும்தான். 'சத்துன்னு புள்ளைக்கு மீன் ஊட்டுறோம், செடிக்கு வேணாமா?'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அஞ்சாவது வரைக்கும் படிச்ச மூளை!

மீன் அரியிற எடத்துலேர்ந்து ஒரு கூடை மடவை மீன் தலை. குழிக்கு ரெண்டு கை. கன்னப் பாத்தா நோஞ்சானா இருந்துச்சு, சரி, இன்னொரு கை. மேல மண்ணு, சும்மா உப்பு தூவுற மாதிரி.

நட்டுட்டு, கொடத்த எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போனேன்.

திரும்பி வந்தா, குப்பத்து நாய் மொத்தமும் அங்கதான்!

"ச்சூ"ன்னேன். எனக்கே கேக்கல. ஒரு நாய் மட்டும் நிமிந்து பாத்து வாலை ஆட்டுச்சு. பரிமாற வந்தவன்னு நெனச்சிருக்கும்.

கன்னு ஒம்போதும் வேர் தெரிய வெயில்ல மல்லாந்து கெடக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனா கருவாடுதான். நான் ரெண்ட மறுபடி நட்டேன். அதுக்குள்ள நாய்ங்க இன்னொரு குழிய ஆழமாக்கிடுச்சுங்க.

வேற வழியில்ல. கண்ண மூடிக்கிட்டுக் கத்துனேன். "ஐயோ! எல்லாரும் ஓடியாங்களேன்!"

ஏரிக்கரைல வலை தைச்சிக்கிட்டு இருந்த ஆம்பளைங்க கயிறும் துடுப்புமா ஓடியாந்தாங்க. முன்னாடி எங்க வூட்டுக்காரரு, மூச்சு வாங்க.

"யாரு தண்ணில வுழுந்தது? எந்தக் கொழந்த?"

"கொழந்த இல்ல... கன்னு."

பின்னாடியே வந்த கன்னியம்மா அக்கா குழியப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க.

"ஏண்டி, செடி நடச் சொன்னனா, நாய்க்கு விருந்து வெக்கச் சொன்னனா?"

"அஞ்சு வருசமா குடும்பம் நடத்துறேன். உனக்கு இவ்ளோ சத்தம் வரும்னு இன்னிக்குத்தாம்மே தெரியுது!" இது எங்க வூட்டுக்காரரு.

திட்டிக்கிட்டேதான் செஞ்சாங்க. ஒருத்தர் துடுப்பால நாயத் தொரத்த, ஒருத்தர் மீன் தலைய வாரிப் போட, மத்தவங்க கன்ன நட்டுப் பழைய வலைய சுத்திக் கட்டிட்டாங்க. ஏழு பொழச்சிக்கிச்சு. ரெண்டு போச்சு. அந்த ரெண்டும் நான் தனியா மறுபடி நட்டது.

இப்போ தளிர் வுட்டிருக்கு. நேத்து என் மக ஒரு இலைய மோந்து பாத்துட்டுக் கேக்குறா: "எம்மா, இதுல காய்க்கிற பழம் கவுச்சி அடிக்குமா?"

"அதெல்லாம் அடிக்காதுடி"ன்னு அதட்டிட்டேன். அப்புறம் யாரும் இல்லாத நேரமாப் பாத்து, நானும் ஒரு இலைய மோந்து பாத்துக்கிட்டேன்.