ஷவரில் போன மீசை

குளியலறையில் குளிப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த எளிய உண்மையை நான் பணி ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

என் மகள் நிர்மலா பெங்களூரில் வேலை பார்த்தாள். காலையில் எங்கள் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. கூட வேலை பார்க்கும் பிரகாஷைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனிடம் ஒரு குறையும் இல்லை. நானாகத் தேடிக் கண்டுபிடித்த ஒரே குறை, அவனுக்கு மீசை இல்லை என்பது. ("மீசை இல்லாதவனை எப்படிம்மா மாப்பிள்ளைன்னு கூப்பிடுறது?") வரலாறு படித்து, பள்ளிக்கூடத்தில் அதையே நடத்தியவன் பேசுகிற பேச்சா இது? பேசினேன். இதைச் சொல்லியே அவன் வீட்டார் பெண் பார்க்க வருவதைத் தீபாவளி ஆகட்டும், பொங்கல் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவள் சண்டை போடவில்லை. என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அதுதான் உறுத்தியது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு ஈடாக அந்தப் பையனுக்குப் பிடித்தமாதிரி ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அவன் ஷவரில் நின்றபடியே சவரம் செய்வான், முகம் பளபளவென்று இருக்கும் என்று நிர்மலா எப்போதோ சொல்லியிருந்தாள். அது எப்படி என்று கேட்டேன். அவளால் நம்ப முடியவில்லை. கையோடு அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜே வாங்கிவிட்டாள்.

"அங்கிள், மொதல்ல வெந்நீர்ல நல்லா குளிங்க. முடி மெத்துனு ஆய்டும். அப்புறமா க்ரீம். பிளேடை அழுத்தாதீங்க, முடி வளர்ற பக்கமாவே இழுங்க. கண்ணாடியே தேவையில்ல, இடது கையால தடவிப் பாத்துட்டே போங்க."

அருமையான யோசனைகள். இன்றும் ஒன்றில்கூடக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலை ஷவருக்கு அடியில் நின்றேன். தாடி மெத்தென்று ஆனது. மூக்குக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் நுரையால் மூடினேன். இங்கேதான் தங்க வயல்காரன் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது பண்டிகை வருகிற மாதிரி. ஷவரை ஓடவிட்டுச் சவரம் செய்ய மனம் வருமா? மூடிவிட்டேன். குளித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமே என்று காலடியில் ஓர் அலுமினியப் பேசினும் வைத்திருந்தேன். அதற்குள் நின்றபடிதான் இத்தனையும்.

கன்னம் இரண்டும் வழுவழுவென்று வந்தன. அந்த நேரம் பார்த்துத் தலையில் தேய்த்திருந்த ஷாம்பு கண்ணில் இறங்கியது. ஷவரைத் திறந்தேன். காற்று வந்தது. விருந்தாளி வருகிறார்களே என்று என் மனைவி சரோஜா சமையலறையில் எல்லா டிரம்மையும் நிரப்பி டேங்கைக் காலி செய்திருந்தாள். கண் எரிந்ததில் காலை மாற்றி வைத்தேன், பேசின் வழுக்கியது. சுவரைப் பிடித்து நான் நின்றுவிட்டேன். ரேசர் நிற்கவில்லை.

பிரகாஷ் சொன்னபடி இடது கையால் தடவிப் பார்த்தேன். பாதி மீசையைக் காணோம்.

கல்லூரி நாளிலிருந்து கூடவே இருந்த மீசை! பாதியோடு சம்பந்தி முன்னால் உட்கார முடியுமா? பேசின் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு (எந்தத் தண்ணீர் என்று யோசிக்கிற நேரமா அது?) மிச்சத்தையும் எடுத்துவிட்டேன்.

வெளியே வந்தேன். சரோஜா கேசரிக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"இன்னாங்க இது! யாருங்க செத்தது?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வழக்கத்தில் அப்பனோ ஆத்தாளோ போனால்தான் ஆண்பிள்ளை மீசையை எடுப்பான். சத்தம் கேட்டு வந்த நிர்மலா என்னையே பார்த்தாள்.

"வேணும்னே பண்ணீங்களாப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது.

பூத்தட்டோடு படியேறிய பிரகாஷின் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மொழுமொழு மேலுதடு. தாடையெங்கும் ரத்தத்தை நிறுத்த ஒட்டிய செய்தித்தாள் துணுக்குகள்.

"வீட்ல துக்கமாங்க? தெரியாம வந்துட்டோம். நாங்க இன்னொரு நாளைக்கு வர்றோம்" என்று தட்டை மார்போடு இழுத்துக்கொண்டார்.

"ஆமாங்க, புள்ள இல்லாத பெரியப்பா" என்று சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். (வாய் வரைக்கும் வந்தது.) நிர்மலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னிடம் எதையும் எதிர்பார்க்காதவள் மாதிரி.

"யாரும் சாகலைம்மா" என்றேன். "உங்க பையன் மாதிரி ஷவர்ல ஷேவ் பண்ணப் போனேன். மீசை போச்சு. உள்ள வாங்க."

பிரகாஷின் அம்மா என் மேலுதட்டையும் மகனின் மேலுதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரகாஷ் பரிதாபமாகச் சொன்னான்: "ஐயோ அங்கிள், எனக்குத்தான் மீசையே இல்லையே! அதை விட்டுட்டுப் பண்ணுங்கன்னு சொல்லணும்னே தோணல."

அவன் அப்பா படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவி! பொண்ணைக் குடுக்கறதுக்கு முன்னாடியே மாமனார் மீசையை எடுத்துட்டியேடா!"

நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். கேசரி பிரமாதமாம். எனக்கு உதடு எரிந்ததில் ருசியே தெரியவில்லை.

கல்யாணம் முடிந்தது, மீசையும் வளர்ந்துவிட்டது. பெங்களூரில் அவர்கள் வீட்டுக்குப் போனால் மட்டும் நிம்மதியாகக் குளிக்க முடிவதில்லை. கொஞ்சம் நேரமானால் சம்பந்தி கதவைத் தட்டுகிறார்: "இன்னா சம்பந்தி, இருக்குதா, போய்டுச்சா?"

"இருக்குது" என்று உள்ளிருந்து கத்தினால் நம்புவதில்லை. நிர்மலாவைக் கூப்பிட்டுக் கதவருகே நிறுத்திவிடுகிறார். அவள் "வந்து காட்டிட்டுப் போங்கப்பா" என்கிறாள். நானும் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, காட்டிவிட்டுப் போகிறேன்.